விடிவெள்ளியின் நிறைவோட்டம்

புரட்டாசி பாதி கழிந்ததும் செம்மணல் மேடான தேரிக்காட்டுச் சாலையில் படகுகள் ஏறத் தொடங்கிவிடும். பாயைச் சுருட்டி, பாய்மரத்தை மடக்கி, நீளமான வண்டிகளின்மேல் பனைகளுக்கு நடுவே அவை அசைந்து அசைந்து வருவதைப் பார்த்தால், கடல் ஊருக்குள் வந்தது போதாதென்று இப்போது படகுகளும் குடிவருகின்றனவோ என்று தோன்றும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் எந்தப் படகும் கடலில் இருக்கக்கூடாது. தை பிறந்த பிறகுதான் மறுபடி ஓட்டம். டீசல் காலம் மலையேறி, பாய்கள் திரும்பி வந்தபோது கூடவே வந்த சட்டம் இது. அதை மீறிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களிடம் அனுபவம் கேட்கத்தான் வழியில்லை.

மெட்டில்டா இன்னும் தன் படகைக் கொண்டுவரவில்லை. இடம் பார்க்க மட்டும் வந்திருந்தாள். தேரிக் கிடங்கை நடத்தும் சுடலைமணி, வீட்டுமனை விற்பவர் தோரணையில் முன்னால் நடந்தார்.

"நல்லா பாத்துக்கோங்கம்மா. மேட்டு நெலம். எந்தப் புயல் வந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது. அடிப்பலகையில ஒரு சிப்பி ஒட்டாது."

"பலகைய விடுங்க அண்ணாச்சி. மனசு எவ்வளவு மிஞ்சும்?"

சுடலைமணியின் நடை கொஞ்சம் தளர்ந்தது. "பாதி நிக்கும். சில படகுக்கு அதுக்கும் கொறச்சல்தான்."

மனசு என்று அவர்கள் சொன்னது திசைமனத்தை. ஒவ்வொரு பாய்ப்படகின் அடிவயிற்றிலும் அது இருந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் உடல் முழுக்கப் பதித்த உணரிகளால் அறிந்து, பாயைத் திருப்பி, சுக்கானைப் பிடித்து, ஓட்டுகிறவரின் கைப்பழக்கத்தைத் தன் பழக்கமாக்கிக்கொள்ளும். தன் ஆட்களை அதற்குத் தெரியும். பதிவான ஆட்களில் ஒருவர் ஏறாவிட்டாலும் கட்டை அவிழ்க்காது. டீ குடிக்கப் போனவர் வரும்வரை கழுதைப் பிடிவாதமாக நிற்கும். ஓய்வு மாதங்களில் அது அந்த ஆண்டின் ஓட்டங்களை எல்லாம் அசைபோடும், மாடு படுத்துக்கொண்டு மெல்வதைப் போல. தண்ணீரில் கிடந்தால் அலை தொடத் தொட அசைபோட்டது உறுதிப்படும். உலர்ந்த மணலில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். ஆகவே படகை எங்கே கட்டுவது என்பது, அது எதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

"எது போவும், எது நிக்கும்?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"அத யாரு கண்டா? நேத்து ராத்திரி என்ன தின்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ரெண்டாங்கிளாஸ்ல வாத்தியார் அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. படகும் அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வட்டம் அடிக்கிற படகு உங்களதுதானம்மா? இங்க போடுங்க. வட்டம் போயிரும்."

"கூடவே ஓட்டுற கையும் போயிட்டா?"

"புதுசாச் சொல்லிக்குடுத்துக்கிடலாமே."

"சொல்லிக்குடுத்தவன் இல்லையே அண்ணாச்சி."

சொல்லிக்கொடுத்தவன் அவள் தம்பி தொபியாஸ். மன்னாருக்குப் போகும் வழியில் கடல் விழுங்கிய தீவுகளின் மேட்டுத்திட்டுகள் தண்ணீருக்கடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே புகுந்து போகும் வித்தையை 'விடிவெள்ளி'க்குப் பழக்கியவன் அவன். போன ஆண்டு இதே புரட்டாசியில், அந்தத் திட்டுகளுக்கு அருகே, பாய்மரக்கட்டை சுழன்று அடித்துக் கடலில் விழுந்தான். மெட்டில்டாவும் படகும் இரண்டு நாள் அந்த இடத்தையே வட்டமிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவள் படகை உப்பங்கழியோரக் காயல் துறையில் தண்ணீரிலேயே கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அங்கேதான் தவறு நேர்ந்தது. அந்தக் கரையில் எந்தப் படகையும் ஓய்வுக்குக் கட்டுமுன் நிறைவோட்டம் விடுவார்கள். சரக்கு இல்லாமல், வீட்டாரெல்லாம் ஏறி, பணியாரம் தின்றுகொண்டு, அமைதியான ஒரு சின்னச் சுற்று. கடைசி ஓட்டத்தைத்தான் படகு மிக அதிகமாக அசைபோடும், அது இனிப்பாக இருக்கட்டும் என்பது கணக்கு. துக்க வீட்டில் போய், படகில் உல்லாசமாக ஒரு சுற்று வாருங்கள் என்று யார் சொல்வார்கள்? யாரும் சொல்லவில்லை. விடிவெள்ளி அந்தத் தேடலோடேயே கட்டப்பட்டது. மூன்று மாதம் அதையே மென்றது.

தையிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் அந்த இடம் வந்ததும் படகு தானாகப் பாயைத் தளர்த்தியது. ஏணியை இறக்கியது. "ஆள் காணவில்லை" என்று தன் அச்சுப்பிசகாத தமிழில் சொல்லிவிட்டு வட்டமிடத் தொடங்கியது. பயணிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டும் வட்டம் அடித்தால் ஓட்ட அனுமதி கிடையாது என்று துறைமுக வாரியம் சொல்லிவிட்டது. மெட்டில்டாவுக்கு வேறு பிழைப்பில்லை. அதைவிட, அந்தப் படகு பாயைத் திருப்பும் விதத்தில் தவிர தம்பி இப்போது உலகில் வேறெங்கும் இல்லை.

மறுநாள் காயல் துறைக்குப் போனபோது தொபியாஸின் மனைவி பிலோமி முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள். விடிவெள்ளி மிதவையில் கட்டிக் கிடந்தது. இலை அசையாத மதியம். மற்ற படகுகளெல்லாம் சும்மா கிடக்க, அது மட்டும் மெல்ல மெல்ல மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"போன மழைக்காலம் பூரா இங்கனதான் வந்து உக்காந்திருந்தேன் மதினி," என்றாள் பிலோமி. "நாம எல்லாரும் தேடுறத விட்டுட்டோம். இது விடல. தேரிக்குக் கொண்டுபோயிராதீங்க."

மெட்டில்டா படகைக் கரைச்சரிவில் இழுக்கச் சொன்னாள். சுக்கான் தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. ஓயாமல் திரும்பித் திரும்பி அதன் ஓரம் பாக்குச் சீவல்போல மெலிந்திருந்தது. பிலோமி அதன் விளிம்பில் விரலை வைத்தாள்.

"இது தேடித் தேடியே தேஞ்சுபோயிருமா?"

"ஆமா பிள்ள. ஒருநாள் நடுக்கடல்ல ஒடிஞ்சிரும்."

மெட்டில்டா பல நாளாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னாள். தேடல் முடியவில்லை என்றுதான் படகு நினைக்கிறது. அந்த இடத்தில், கடலிலிருந்து ஓர் ஆள் ஏணி வழியாக ஏறினால் அதன் கணக்கு தீரும். அதையே நிறைவோட்டமாக முடித்துக் காயலிலேயே கட்டலாம். அவன் கைப்பழக்கமும் நிலைக்கும், வட்டமும் போகும். பிலோமி சங்கு குளிப்பவர் வீட்டுப் பெண். கடல் அவளுக்கு முற்றம் மாதிரி. "அவன் ஏறுறது எப்படின்னு உனக்குத் தெரியும்," என்றாள் மெட்டில்டா.

தெரியும். தொபியாஸ் எப்போது ஏறினாலும் உள்ளங்கையால் படகின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவான்.

"நான் ஏறிட்டா அது தேடுறத நிறுத்திரும்."

"நிறுத்திரும்."

"அவரு இனி வரமாட்டாருன்னு நானே என் கையால முடிச்சு வச்சதா ஆயிருமே மதினி." பிலோமி எழுந்து போய்விட்டாள். மெட்டில்டாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிலோமி தொபியாஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். "சித்தப்பாவோட வத்தையில முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க," என்றாள். 

கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மெட்டில்டா விடிவெள்ளியில் தனியாகப் போனாள். சித்தப்பாவின் சின்னப் படகு பிலோமியைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் தூரத்தில் போய் நின்றுகொண்டது. இடம் வந்தது. பாய் தளர்ந்தது. ஏணி இறங்கியது.

"ஆள் காணவில்லை."

முதல் வட்டத்தில் பிலோமி அசையாமல் மிதந்தாள். இரண்டாவதிலும் அசையவில்லை. மெட்டில்டா கூப்பிடவில்லை, கூப்பிடும் உரிமை தனக்கில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வட்டத்தில் ஏணி நெருங்கி வந்தபோது பிலோமி கையை நீட்டிப் பிடித்தாள். ஏறினாள். விலாவில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

படகு அப்படியே நின்றது. அலைச் சத்தம்கூட அடங்கியதுபோல இருந்தது.

"தொபியாஸ். ஏறியாயிற்று."

சுக்கான் நேரானது. பாய் விரிந்தது, கரைப்பக்கம் திரும்பியது. ஓராண்டுக்கு மேலாகப் பார்க்காத ஒன்றை மெட்டில்டா பார்த்தாள். முன்பாயின் கயிறு ஒன்றைப் படகு இழுக்காமல் தளர்வாக விட்டிருந்தது. அந்தக் கயிற்றைத் தன் கையால்தான் இழுப்பேன் என்று தொபியாஸ் எப்போதும் அடம்பிடிப்பான். பிலோமி ஈரச் சட்டையோடு போய் அதைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். மெட்டில்டா கொண்டுவந்த பணியாரத்தை இருவரும் தொடவில்லை.

காயல் துறையின் காவலாளி வழக்கம்போல எட்டிப் பார்த்து, "எத்தன பேரு?" என்றார்.

"இருவர். எல்லோரும் வந்தாயிற்று," என்றது படகு.

அவர் கண்ணுக்கும் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். தலையாட்டிவிட்டுப் போனார்.

மிதவையில் கட்டியதும் விடிவெள்ளி மற்றப் படகுகளைப்போலச் சும்மா கிடந்தது. பிலோமி கரையில் நின்று அதையே பார்த்தாள்.

"இனி அவரத் தேட யாரும் இல்ல மதினி."

மெட்டில்டா அவள் தோளில் கை வைத்தாள்.  அன்றுதான் பிலோமி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். வாடை தொடங்கியது. மழையெல்லாம் விடிவெள்ளிமேல் பெய்து ஓய்ந்தது. அது அசையவில்லை. தான் தேடியவன் கிடைத்துவிட்டான் என்பதைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தது.

தை பிறந்தது. வாரியம் அனுமதி கொடுத்தது. மன்னாருக்கு உப்பும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு, காலை வெயிலில் மெட்டில்டா படகில் ஏறிக் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். படகு அவிழ்க்கவில்லை. மறுபடி சொன்னாள். பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூரியத்தகடு, வடம், புதிதாக மாற்றிய சுக்கான் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஏணி இறங்கியிருந்தது.

"தொபியாஸ் இன்னும் ஏறவில்லை," என்றது படகு, கோபமில்லாமல்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காணாமல் போனவன் இல்லாமல் ஓடப் படகுக்குத் தெரிந்திருந்தது. கரையில் எங்கோ இருப்பவனை விட்டுவிட்டுப் போக அதற்குத் தெரியாது. அவளும் பிலோமியும்தான் படகின் கணக்கில் அவனைக் கரை சேர்த்திருந்தார்கள்.

ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. படகு கிளம்புவதைப் பார்க்கத் துறைக்கு வந்திருந்த பிலோமி, இறங்கிக் கிடந்த ஏணியைப் பார்த்தாள். மெட்டில்டாவின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல மெட்டில்டா தலையசைத்தாள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்கு நா எழவில்லை. பிலோமி கையிலிருந்த பையைக் காவலாளியிடம் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். இன்றைக்கு ஒருநாளோடு இது முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விலாவில் இரண்டு தட்டு.

"வந்துட்டேன்," என்றாள்.

பாய் விரிந்தது. முன்பாயின் கயிறு மட்டும் தளர்ந்து அவள் கைக்காகத் தொங்கியது.