வாய் திறக்காத நேர்காணல்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் கணவன் மனைவி குரல் உயர்ந்தால், சுவருக்குள்ளிருந்து இணக்கி வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மனத்தாங்கலைத் தீர்க்கவென்றே வீட்டுக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்த எந்திரம் அது. "இருவர் உணர்வும் நியாயமானதே" என்று தொடங்கி, அறிவுரைகளை அடுக்கிவிட்டுத்தான் எழுந்து போகும். அன்று காலை பேச்சியம்மாள் வீட்டில் அது இரண்டாம் முறையாக வந்து உட்கார்ந்திருந்தது.

"இங்கேயே படிச்சா என்ன குறைஞ்சுபோச்சு?" என்றான் கணவன் சுடலைமுத்து. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சேரலைன்னா இங்க உள்ள இடமும் போயிரும்."

"இங்க இணக்கிதான் வாத்தியார். நானும் அது மாதிரியே பேசவா?"

"பூமிக் காலேஜ்ல இடம் கிடைக்கும்னு என்ன நிச்சயம்?"

அதுதான் அவளை உறங்கவிடவில்லை. மனநல ஆலோசனையில் முதுநிலைப் படிப்பு. பசுங்குடிலில் அவளோடு தக்காளி வளர்த்த மரகதம் போன வருடம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். இணக்கிகள் மாறி மாறிச் சொல்லியும் வாய் திறக்காதவளைக் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பூமிக்கு ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்தே பேச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உள்ளூர்ப் படிப்பில் இடம் உறுதி. பூமிக் கல்லூரியிலோ உண்மையான ஒருவரின் துயரத்தை ஒரு மணி நேரம் கேட்டுக் காட்ட வேண்டும். அங்கிருந்து குரல் வந்துசேரவே இருபது நிமிடம் ஆகும். அதனால் ஒரே ஒரு விதி: எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

மதியம் அந்த நேர்காணலுக்காகத் திரைமுன் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கடந்தும் திரை இருண்டே கிடந்தது. தாமதம்தான் என்று காத்திருந்தாள். ஏதாவது கேட்காதா என்று மூக்கு உரசும் அளவுக்குத் திரையை நெருங்கினாள். பேசினால் விதிமீறல், எழுந்தால் தேர்வு போயிற்று. நேரம் முடியும்போது கண்கள் நிறைந்து வழிந்தன.

சூரியப் புயலில் பூமியிலிருந்து வரும் அலைவரிசை அறுந்துபோயிருந்தது. இங்கிருந்து போவது மட்டும் ஒழுங்காகப் போயிருந்தது.

"மேடம், எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கல. இன்னொரு வாய்ப்புக் குடுங்க" என்று பூமிக் கல்லூரிப் பேராசிரியர் மெஹருன்னிசாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நடந்துகொண்டிருந்தபோதே உள்ளூர் இடத்துக்கான கெடு முடிந்தது. "அதுவும் போச்சு" என்றான் சுடலைமுத்து.

ஒருவழியாகப் பேராசிரியரின் முகம் திரையில் தெரிந்தது.

"உங்ககிட்டப் பேசினவங்க பேரு லூர்து மேரி. மகன் இறந்து மூணு வருஷம் ஆச்சு. எங்க ஆலோசகர் எல்லாரையும் பாத்துட்டாங்க. இன்னிக்குத்தான் முழுசாப் பேசி முடிச்சேன்னாங்க. 'அந்தப் பொண்ணு குறுக்க ஒரு வார்த்தை பேசல. கிட்ட வந்து கிட்ட வந்து கேட்டுச்சு. கடைசில எனக்காக அழுதுச்சு'ன்னாங்க. நீங்க சொன்னதை அவங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. இடம் உங்களுக்குத்தான். அடுத்த வாரமும் உங்ககிட்டதான் பேசணுமாம்."

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை லூர்து மேரிக்காகத்தான்.

அடுத்த வாரம் புயல் ஓய்ந்திருந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது; ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. லூர்து மேரி மகனின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சிக்கு ஓர் அருமையான அறிவுரை தோன்றிவிட்டது.

வாயைத் திறந்தாள்.