குறுகிக்கொண்டே வந்த பக்கம்

விடிகிற நேரத்தில் சேர்வராயன் மலைமேல் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எழினி அதை விரட்டுவதில்லை. காப்பித் தம்ளரோடு மேகத்தின் நடுவே நடந்துபோய்த் தன் முனையத்தின் முன் அமர்வாள். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு சுட்டி மினுங்கும், அது அவளுடையது. சற்றுப் பொறுத்து, பக்கத்தில் மஞ்சளாக இன்னொன்று வந்து மினுங்கும். அது அண்ணாச்சியுடையது. அப்புறம்தான் அவளுக்குக் காப்பியே தொண்டையில் இறங்கும்.

அண்ணாச்சியின் பெயர் அவளுக்குத் தெரியாது. முகமும் குரலும்கூடத் தெரியாது. யாருடைய முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் அச்சு அசலாகச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, நாடு அவை இரண்டையும் நம்புவதை விட்டுவிட்டது. மிஞ்சியது எழுத்து. அதிலும் ஒற்றை ஆளின் எழுத்துக்கு மதிப்பில்லை. கடல்நீரை நன்னீராக்கி ஊர்களுக்குத் திறந்துவிடும் மடைகள் போல, உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த இயந்திரத்துக்கும் கட்டளை எழுத இருவர் வேண்டும். ஒரே முனையத்தை இரண்டு ஊர்களிலிருந்து பகிர்ந்துகொண்டு, மாறி மாறி ஒருவர் எழுத, மற்றவர் படித்துப் பார்த்து ‘ஆம்’ தட்ட வேண்டும். இருகை விதி என்று அதற்குப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து சதி செய்துவிடக் கூடாதே என்று, ஒருவரையொருவர் யாரென்று தெரிந்துகொள்ளவும் தடை.

மனிதர்களை அப்படியெல்லாம் பூட்டி வைக்க முடியுமா என்ன? வரியின் முன்னால் ‘#’ என்று ஒரு ஹேஷ் குறியைப் போட்டுவிட்டால் இயந்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. நிரலுக்கு விளக்கம் எழுதுவதற்காக விட்ட சந்து அது. அந்தச் சந்தில்தான் இருவரும் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘சோலியப் பாப்பமா தங்கச்சி’ என்று அவர் எழுதிய முதல் நாளே தெற்கத்திக்காரர் என்று புரிந்துபோய், அவளும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அங்கே மழையா, இங்கே என்ன குழம்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று எல்லாம் அந்தச் சந்து வழியாகப் போய் வந்தன. கணவனோடு முகம் கொடுத்துப் பேசாத காலைகளிலும் அந்த மஞ்சள் சுட்டியைப் பார்த்தால் அவளுக்கு மனம் ஆறிவிடும்.

பகிர்ந்த முனையத்தில் ஒரு நியதி உண்டு. இருவரில் யாருடைய திரையில் குறைவான எழுத்துகள் கொள்ளுமோ, அந்த அளவுக்குத்தான் இருவருக்கும் பக்கம் விரியும். அந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எழினியின் பக்கம் குறுகிக்கொண்டே வந்தது. இடப்புறம் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலப்புறம் வெறும் இருட்டாகக் கிடந்தது. நீள வரிகள் மடங்கி மடங்கிக் கீழே விழுந்தன. அண்ணாச்சியின் ‘ஆம்’ வருவதற்குள் காப்பி ஆறி ஆடை கட்டிவிடும்.

ஆள் ஊர் சுற்றிக்கொண்டே கைப்பேசியில் வேலை பார்க்கிறார் என்று எழினி முடிவு கட்டிவிட்டாள். தண்ணீர் விஷயத்தில் இத்தனை அலட்சியமா என்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருடப் பழக்கத்தில் தன்னிடம் சொல்லாமல் இருக்கிறாரே என்ற வீம்பு கேட்கவிடவில்லை. நேரே மடை அலுவலகத்துக்குப் போனாள். குரலை யாரும் நம்பாத காலத்தில் புகாரை நேரில்தான் கொடுக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் குமுதினி எல்லாவற்றையும் பதிந்துகொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

“கைப்பேசியா இருக்கலாம். இல்லேன்னா எழுத்தைப் பெருசு பண்ணிப் பண்ணிப் படிக்கறாரோ என்னமோ. எழுத்துப் பெருத்தா பக்கம் சின்னதாயிரும்ல? கண்ணு மங்குறவங்க அப்படித்தான் பண்ணுவாங்க.”

எழினி உடனே, புகாரே வேண்டாம் என்றாள். பதிந்தது பதிந்ததுதான் என்றாள் குமுதினி. ஒரு நாள் காலை மூன்றாவது சுட்டி ஒன்று வந்து பார்வையிடும். எழினி வேண்டுமென்றே ஒரு பிழையோடு கட்டளை எழுத வேண்டும். அண்ணாச்சி அதைப் பிடிக்காவிட்டால் அன்றோடு அவர் விலக்கப்படுவார். அவ்வளவுதான் விஷயம்.

அதன்பிறகு எழினி வரிகளைச் சின்னச் சின்னதாக ஒடித்து எழுதினாள். மீனை முள் எடுத்து ஊட்டுவதுபோல, ஒரு வரிக்கு ஒரே ஒரு செய்தி. பரிசோதனை நாளில் வெள்ளைச் சுட்டி ஒன்று சத்தமில்லாமல் வந்து மூலையில் நின்றது. மூட வேண்டிய மடை ஒன்றைத் திறக்கச் சொல்லும் பிழையைத் தனி வரியில் வைத்து, மேலும் கீழும் வெற்று வரிகளை விட்டாள். மஞ்சள் சுட்டி மெல்ல ஊர்ந்து வந்தது. அந்த வரியில் நின்றது. ‘இல்லை’ என்று பதில் வந்தது.

எழினி மூச்சு விட்டாள். வெள்ளைச் சுட்டி கிளம்பவில்லை. அதற்குள் மஞ்சள் சுட்டி மீண்டும் நகர்ந்து, வெற்று வரியில் ஹேஷ் போட்டது.

# தப்பை நடு வாசல்ல கோலம் மாதிரி போட்டு வச்சா யாருக்குத்தான் தெரியாது தங்கச்சி

# நெசத் தப்பு இப்படி வந்து முன்னால நிக்காது

# எனக்குக் கண்ணு போவுது. மூலையில நிக்க அய்யா படிக்காருன்னு தெரிஞ்சுதான் எழுதுதேன்

# அத்தனை சனம் குடிக்கத் தண்ணி. என்னைய இந்தச் சோலியில இருந்து விட்டுருங்க

எழினி அவசரமாக ஹேஷ் போட்டாள். அந்த வெள்ளைச் சுட்டியை வரவழைத்தவளே தான்தான் என்று சொல்லிவிட வேண்டும். ‘அண்ணாச்சி, புகார் குடுத்தது’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கம் ஓசையில்லாமல் விரிந்தது. குறுகிக் கிடந்த திரை ஒரே கணத்தில் வலது விளிம்புவரை அகன்று திறந்துகொண்டது. அண்ணாச்சி போய்விட்டார். அவள் எழுதிய பாதி வரி, பரந்த இருட்டின் இடது ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

தேடவும் வழியில்லை. நாளைக்கே பேருந்து நிலையத்தில் அவருக்குக் கைகொடுத்துப் படியேற்றி விட்டாலும், அவர்தான் இவர் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. அவளுடைய புகாரைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது என்பது அதைவிடப் பாரமாக இருந்தது.

புதிய கை நீலச் சுட்டியாக வந்தது. சுறுசுறுப்பான கை, எழுதி முடிப்பதற்குள் ‘ஆம்’ வந்து நிற்கும். வேலை சீக்கிரம் முடிந்தது. அகன்ற பக்கத்தைத்தான் எழினியால் தாங்க முடியவில்லை. ஒரு காலை, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தபோது, தன் எழுத்துகளை மெல்லப் பெரிதாக்கினாள். பக்கம் குறுகியது. இன்னும் பெரிதாக்கினாள். அண்ணாச்சியின் அளவு வந்ததும் நிறுத்தினாள். ஒவ்வோர் எழுத்தும் விரல் பருமனில் மிதந்தது. இப்படித்தான் அவர் பார்த்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, அந்த ஒடுங்கிய பக்கத்திலேயே அன்றைய மடைகளை எழுதினாள்.

நீலச் சுட்டி உடனே ‘ஆம்’ சொல்லவில்லை. சற்றுத் தயங்கி நின்றது. பிறகு அடுத்த வரிக்கு இறங்கி முதன்முறையாக ஹேஷ் போட்டது.

# உங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்குங்களா? நான் எழுதறப்ப வரியைச் சின்னதா ஒடிச்சுப் போடட்டுங்களா?

ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் கேட்காமல் விட்ட கேள்வி. பெயர் தெரியாத அந்த ஆளுக்கு அதைக் கேட்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. எழினி மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர், அவசரப்படாமல், காத்துக்கொண்டிருந்தார்.