மைனி தராத வலி

இடுப்பில் தொடங்கிய வலி முழங்கால் வரை இறங்கியிருந்தது. தூணின் அடிக்கல்லை நெம்பி நகர்த்தும் நாளில் இப்படித்தான். வேலை முடிந்ததும் நோவுப்பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு பெர்சிபோலிஸ் மாளிகையின் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மாளிகையைப் பார்க்க வந்த ஒருவர் தன் பட்டையை என்னுடையதோடு ஒட்டவைத்தார். அவர் முகம் சுளித்தது. எனக்கு இடுப்பு லேசானது.

வலியை உடம்பு விட்டு உடம்பு மாற்றும் கருவி வந்தபோது, பணக்காரர்கள் தங்கள் வலியை எங்கள் தலையில் கட்டினார்கள். கலவரம் நடந்தது. சட்டம் தலைகீழானது. இப்போது ஒரு கட்டடத்தைப் பார்க்க வருகிறவர், அதைத் தூக்கி நிறுத்துகிறவரின் வலியைச் சற்று நேரம் சுமக்க வேண்டும்.

டேரியஸ் மன்னன் தொடங்கிய அரசவை மண்டபம் இது. அலெக்சாண்டர் காலத்துத் தீயில் போனதை, கடல் கடந்து கூலிக்கு வந்த நாங்கள் மறுபடி நிறுத்துகிறோம். படிகள் மிகத் தாழ்வு. நீள அங்கி உடுத்த பிரபுக்கள் மூச்சு வாங்காமல் ஏறுவதற்காக என்பார்கள். இப்போது ஏறுகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

என் அண்ணன் மனைவி பேராச்சி பக்கத்துச் சுவர்ச் சிற்பங்களில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். நிறைமாசம் என்பதால் கனத்த வேலை கிடையாது.

"ஏட்டி உச்சினி, அந்தக் காலத்துல இங்க வேல செஞ்ச பொம்பளைக்குப் புள்ள பொறந்தா, அரண்மனையில தானியம் கூடுதலா அளப்பாவளாம். ஆம்பளப் புள்ளன்னா ரெட்டிப்பு."

"வலியும் ரெட்டிப்பா வந்துச்சாக்கும், மைனி?"

"ராசா பெத்துப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

சிரித்தவள் பாதியில் நிறுத்திச் சுவரைப் பிடித்தாள்.

என் மகன் பிறந்தபோது எனக்கு ரத்தம் இல்லை, தெம்பும் இல்லை. மைனிதான் பட்டையைக் கட்டிக்கொண்டு என் பிரசவ வலி முழுவதையும் வாங்கினாள். அப்போது பிள்ளையில்லாத அவள் பக்கத்துக் கட்டிலில் கதற, நான் தூங்கி எழுந்தவள்போலப் பிள்ளையைக் கையில் வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அன்றிலிருந்து என் நினைப்பு.

மருத்துவக் கொட்டகையில் அவளுக்குப் பட்டையைக் கட்டினேன். அவிழ்த்துப் போட்டாள். தருகிறவர் மனம் வைக்காமல் வலி மாறாது.

"கிறுக்குத்தனம் பண்ணாதீய மைனி. இது என் முறை."

"முறையெல்லாம் இருக்கட்டும். கண்டவ வலியெல்லாம் பாத்தாச்சு. இது என் புள்ள வலி. ஒரு சொட்டு தரமாட்டேன்."

"தாங்க மாட்டீய."

"ஒன் வலியத் தாங்குனவளுக்கு என் வலி தாங்காதா? கையப் பிடிச்சுக்க, போதும்."

பிடித்தேன். விரலெலும்பு நொறுங்கிவிடும்போல இறுக்கினாள். வெயில் சாய்வதற்குள் பெண் பிறந்தாள். மைனி வேர்வையில் நனைந்து, பிள்ளையின் உச்சியை மோந்துகொண்டே இருந்தாள்.

"அம்புட்டும் நானே பட்டேன்டி" என்றாள்.

மைனிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனி இன்னொரு பிள்ளை வராது. நான் அவளுக்கு ஒரு பிரசவ வலி கடன்பட்டிருக்கிறேன்.