இடைவேளைக்குப் பிறகு அவள் சொன்ன கதை

டம்... டம்... டம்...

திரையில் யாரோ வழுக்கி விழ, தியேட்டரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, இருக்கையின் கைப்பிடியில் கிடந்த அவள் கையின் மேல் மூன்று குத்து விழுந்தது.

"யோவ்!" என்று துள்ளி எழுந்தாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அடுத்த ஆள் வாங்க..."

பிறகுதான் விழித்தான். எதிரே ஆபீஸ் வரிசை இல்லை. இருட்டும், அந்த இருட்டிலும் பளபளத்த இரண்டு கண்களும்தான் இருந்தன. கோபமான கண்கள்தான்... ஆனால் அவன் கண்களைப் போலவே தூக்கத்துக்கு ஏங்கிய கண்கள்.

"மன்னிச்சிடுங்க... ஆபீஸ்ல நாள் பூரா சீல் குத்துற வேலை. தூக்கத்துலயும் கை நிக்க மாட்டேங்குது."

"அதுக்கு என் கைதான் கிடைச்சுதா? ராத்திரி டியூட்டி முடிச்சு, கொஞ்சம் தூங்கலாம்னு வந்தா..."

"தூங்கவா? சிரிப்புப் படத்துக்கா?"

"நீங்க மட்டும் என்ன பண்ணீங்களாம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இடைவேளையில் வெளியே நல்ல மழை. ஆளுக்கொரு டீயோடு கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். ஹாஸ்டல் அறையில் ஆறு பெண்கள். பகலில் ஒருத்தி மாற்றி ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பார்களாம்.

"எங்க வீடும் ரெண்டே ரூம்தாங்க. அப்பா படுத்த படுக்கை. அம்மா. ரெண்டு பிள்ளைங்களோட திரும்பி வந்துட்ட அக்கா. சனிக்கிழமை அரைநாள்தானே... இங்க வந்து கண்ணை மூடிக்குவேன். படத்துல அந்த குமாஸ்தா வீட்டுல எல்லாரும் பாத்ரூமுக்கு வரிசையில நிக்கிறாங்கல்ல? ஊரே சிரிக்குது. எனக்கு வீட்டுலயே இருக்கற மாதிரி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"ஒண்ணு பண்ணலாமா, சீல் சார்? அடுத்த வாரத்துல இருந்து இடைவேளை வரைக்கும் நான் தூங்கறேன், நீங்க என் பையைப் பார்த்துக்கோங்க. அப்புறம் நீங்க தூங்குங்க. அந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன். இல்லேன்னா வேற யாராவது அடி வாங்கிட்டு திருப்பிக் குடுப்பாங்க."

"சரிங்க, சிஸ்டர்."

"ஐயோ... நீங்க அப்படி மட்டும் கூப்பிடாதீங்க!" சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதே படம் வாரக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பாதியைப் பார்ப்பது அவன், இரண்டாம் பாதியைப் பார்ப்பது அவள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில், நாடி பார்ப்பதைப் போல மெல்லப் படிந்திருக்கும்... அவன் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். முடிந்ததும் டீக்கடையில் ஆளுக்கொரு பாதிக் கதை.

"இடைவேளைக்கு அப்புறம் என்னாச்சு?" என்று ஒருநாள் கேட்டான். "குமாஸ்தா அந்த டைப்பிஸ்ட் பொண்ணைக் கடைசியில கட்டிக்கிட்டானா?"

அவள் டீயை ஊதினாள். "அவ அவன் வீட்டுக்கு வந்தா. எல்லாத்தையும் பார்த்தா. படுத்திருக்கற அப்பாவை எழுப்பாமலே, ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பெட்ஷீட்டை மாத்தினா. அப்புறம் அக்கா பிள்ளைங்களோட கீழ உக்காந்து சாப்பிட்டா... அவ்வளவுதான்."

அவனுக்குத் தன் வீடு கண்முன்னே வந்து நின்றது. அதை வீறாப்பு வந்து மூடிக்கொண்டது. "சினிமாவுல வருவா. நிஜத்துல எவ வருவா, சொல்லுங்க? வந்தாலும் நான் வாசலோட அனுப்பிடுவேன். நான் படற பாடு போதாதா? இன்னொருத்தியையும் சேர்த்து இழுக்கணுமா?"

அவள் கிளாஸை வைத்தாள். "பஸ் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

பக்கத்து இருக்கை காலி. இடைவேளைக்குப் பிறகு கண்ணை இறுக்க மூடிப் பார்த்தான். உடம்பெல்லாம் அசதி... தூக்கம் மட்டும் வருவேனா என்றது. வேறு வழியின்றி, முதன்முதலாக இரண்டாம் பாதியைப் பார்த்தான்.

டைப்பிஸ்ட் வந்தாள். வாசலில் நின்றாள். வரிசையில் நின்ற குடும்பத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். வந்த வழியே ஓடிப்போய் மேனேஜரைக் கட்டிக்கொண்டாள். குமாஸ்தா மறுபடி ஃபைல்களுக்குள் புதைந்தான். தியேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அப்பாவும் இல்லை, பெட்ஷீட்டும் இல்லை. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்ஷீட்டை அப்படி மாற்ற ஒரு டைப்பிஸ்டுக்கு எப்படித் தெரியும்? இது கூட உறைக்காத மண்டை, தன் மண்டை!

படம் முடியும் முன்னே வெளியே ஓடினான். மழை. எதிரே பஸ் நிழற்குடையில்... அவள்! பாதி நனைந்து, தியேட்டர் வாசலையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"உள்ள வரலியா?"

"வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம்... வாசலோட அனுப்பிடுவேன்னு சொன்னீங்களே."

அவன் நனைந்துகொண்டே நின்றான். "படம் பார்த்தேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள வரவே இல்லையே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எங்க படம் பார்த்தேன்? நீங்க தூங்கறதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். வந்தது அவ இல்லைங்க... நான்."

அவன் நிழற்குடைக்குள் ஏறினான்.

"எங்க வீட்டுல நிக்கக்கூட இடம் இருக்காது..."

"ராத்திரி பூரா நிக்கற வேலைதான் எனக்கு. சமாளிச்சுக்குவேன்."

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான். "பயத்துல உளறிட்டேன்... மன்னிச்சிடுங்க."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததுமே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

"இன்னிக்கு உங்க முறை போயிடுச்சே. தூங்குங்க, நான் எழுப்பறேன்."

"எங்க எழுப்புவீங்க?"

"வீடு வந்ததும்."

"யார் வீடு?"

"நம்ம வீடு."

அவள் அவன் தோளில் சாய்ந்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கியும் போனாள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தூங்காமல் உட்கார்ந்திருந்தான்.