நடுவில் மட்டும் தப்பிய டிஸ்க்

“கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! என் பொண்டாட்டி டிஸ்க்கை முதல்ல எடுத்து வை!”

“மாமா, பையையே கொட்டிக் காட்டிட்டேனே! ஸ்பேனரைத் தவிர அதுல என்ன இருக்கு?”

“வித்திருப்பே!”

“உங்க வீட்டு வீடியோவை எவன் மாமா காசு குடுத்து வாங்குவான்?”

கேள்வி நியாயம்தான் என்று எதிர்வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் நினைத்தன. ஆனால் மருந்துக்கடைக்காரர் நியாயம் கேட்கிற நிலையில் இல்லை. மகளுக்கு நிச்சயித்த லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தபடியே துப்பறிவாளர் வீட்டுக்குள் நுழைந்தார். பின்னால் அழுத கண்ணோடு மகள். அவளுக்கும் பின்னால், அழாத கண்ணோடு அவருடைய தங்கை.

துப்பறிவாளருக்குத் தெருவில் வைத்த பெயர் நிதானம். கூடவே சுற்றும் அவர் மனைவியின் தம்பிக்கு அவசரம். இரண்டு பெயரும் பொருத்தம்தான்.

“உட்காருங்க. சட்டையை விட்டுட்டே சொல்லலாம்” என்றார் நிதானம்.

கதை இதுதான். மருந்துக்கடைக்காரரின் வீட்டில் ஒரு சுவர் முழுக்க டிவிடி. மாமனாரை மயக்க வேறு வழி தெரியாத மெக்கானிக், அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியலாகப் பதிந்து தருவதாக ஏற்றுக்கொண்டான். பெட்டி மேலுள்ள பார்கோடைப் போனில் படித்தால் படத்தின் பெயர் வரும். உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் அந்த டிஸ்க்குக்கே உரிய அடையாள எண் வரும். இரண்டையும் சேர்த்துப் பதிவான். நேற்று மேல்தட்டை முடித்தான். இன்று காலை மருந்துக்கடைக்காரர், காலமான மனைவியின் குரலைக் கேட்க இடதுகோடிப் பெட்டியைத் திறந்து டிஸ்க்கைப் போட்டார். பேய் அலறியது.

“நாலஞ்சு பெட்டி திறந்து பார்த்தேன். எல்லாம் மாறிக் கிடக்கு. யுத்தப் படம் மட்டும் ஒழுங்கா இருக்கு. நடுவுல ஒண்ணை விட்டுவச்சு ஏமாத்தறான்!”

“அந்த யுத்தப் படம் தட்டுல எந்த இடத்துல?”

“சொன்னேனே, நட்டநடுவுல.”

நிதானம் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “நீ எப்படி வேலை செஞ்சே?”

“இடதுகோடியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா எடுத்துப் பதிஞ்சேன் சார். டிஸ்க்கை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். கடைசிப் பெட்டி முடிஞ்சதும் யாரோ லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்கன்னு போன். ஓடிட்டேன். திரும்பி வந்தா எல்லாம் பெட்டிக்குள்ள இருந்துச்சு. வீட்டுல யாரோ வச்சிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“நானும் அப்பாவும் கடையில இருந்தோம்” என்றாள் மகள்.

“நான் அந்த ரூம் பக்கமே போகலப்பா” என்றார் அவளுடைய அத்தை. “கம்பியில கோத்து வச்சதுல ஒண்ணை உருவ எவ்வளவு நேரம் ஆகும் இவனுக்கு?”

“பிடிச்சாச்சு அத்தான்!” என்று அவசரம் குதித்தான். “இவன்தான் உருவியிருக்கான்!”

“உட்காருடா. திருடப்போற டிஸ்க்குக்கு எவனாவது அடையாள எண் எடுத்துப் பதிவானா? வாங்க, அலமாரியைப் பார்ப்போம்.”

அலமாரி முன்னால் நின்றதும் நிதானம் பேசினார். “முதல்ல எடுத்த டிஸ்க் அடுக்குல அடியில போயிடும். கடைசியா எடுத்தது மேல நிக்கும். இவன் திருப்பி வச்சிருந்தா வலதுகோடியிலேருந்து வச்சிருப்பான், எல்லாம் சரியா அமைஞ்சிருக்கும். விவரம் தெரியாத கை, மேல இருந்ததை இடதுகோடிப் பெட்டியில போட்டு ஆரம்பிச்சிருக்கு. வரிசையே தலைகீழ். தலைகீழானா இடம் மாறாதது எது? நட்டநடு ஒண்ணுதான். உங்க யுத்தப் படம். அப்போ முதல் டிஸ்க் எங்கே?”

அவசரம் அதற்குள் வலதுகோடிப் பேய்ப் படப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கம்ப்யூட்டரில் தள்ளிவிட்டான். எண் ஓடியது. பார்கோடே இல்லாத அந்த டிஸ்க்குக்கு மெக்கானிக் கையால் பதிந்திருந்த பெயர் திரையில் வந்தது: அம்மா. வீடியோ ஓட ஆரம்பித்ததும் மருந்துக்கடைக்காரரின் மனைவி குரல் கேட்டது.

“கேமராவை நேரா புடிங்க! என் தலையையே காணோம், இதுல சினிமா எடுக்க வந்துட்டாரு!”

மருந்துக்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் திட்டு வாங்கிய முகத்தில் அப்படியொரு சிரிப்பு. மகள் அழுதாள், இது வேறு அழுகை. “மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை” என்றார் அவர், கசங்கிய சட்டையை நீவிவிட்டபடி.

“கம்பியில கோத்து வச்சதுன்னு இந்தம்மா சொன்னாங்களே, அந்தக் கம்பி யாருடையது?” என்று கேட்டார் நிதானம்.

“என்னுது சார். காலி டிஸ்க் வாங்கின டப்பாவோட கம்பி. பையில கொண்டுவந்து, பையிலயே எடுத்துட்டுப் போயிட்டேன். மாமாவே பார்த்ததில்ல.”

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

“வெளியிலேயே கிடந்ததேன்னு எடுத்து வச்சேன் அண்ணே. நீ அந்தக் கத்துக் கத்தினா, எப்படி வாயைத் திறப்பேன்?”

பயத்தில் மறைத்தாரா, அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கேட்க வழி பிறந்தது என்று சும்மா இருந்தாரா என்பதில் தெரு இன்றும் இரண்டு கட்சி.

குறித்த தேதியிலேயே கல்யாணம் நடந்தது. அத்தையின் மகனோ அதற்கு முந்தின வாரமே மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். அவர்கள் பழகியது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அத்தையிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.