முதல் கவளம்

பின்பனி விடைபெற்று இளவேனில் அடியெடுத்து வைத்த அந்த அந்திப் பொழுதில், மேற்கே சாய்ந்த கதிரவன் நெடுங்குன்றத்தின் பாறை முகடுகளைப் பொன்னிறமாக்கிக்கொண்டிருந்தான். வேங்கை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. எங்கோ போயிருந்த மலைத்தேனீக்கள் முந்தின நாள்தான் ரீங்காரமிட்டுத் திரும்பி வந்து, செங்குத்துப் பாறையில் கருந்திரளாக அப்பிக்கொண்டிருந்தன. இடி குமுறி ஒரு பாட்டம் மழையும் பெய்ததால் கறையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான்கள் முட்டிக் கிளம்பியிருந்தன.

வாசகர்களே, இவற்றையெல்லாம் கண்டால் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றும் அல்லவா? சாத்திக்கும் தோன்றியது. கணவனை இழந்து, தேனும் காளானும் தேடித் தன்னந்தனியே பிழைப்பவள், பாழாய்ப்போன அந்த மலையில் யாரிடம் சொல்வாள்? குடிலுக்குள் வந்து, "ஈ வந்திருச்சு" என்று வெறும் சுவரிடம் சொன்னாள்.

வாசலில் நிழலாடியது. கிழிந்த மேலாடையும் வாடிய முகமுமாய் ஓர் இளைஞன் நின்றான்.

"அம்மணி, நான் தேன் வணிகன். தேன் கொள்ள வந்து வழி தவறிவிட்டேன்."

"தேனா! நேத்துதானே ஐயா ஈயே வந்திருக்கு? இன்னும் அடைகூடக் கட்டலை. இந்தப் பருவத்துல எந்த வியாபாரி மலை ஏறுவான்?"

பாவம், அவனுக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை! கீழே நெடுங்குன்றக் கோட்டை பகைவர் வசமாகி, தப்பிய இளவரசர் மாறவேளின் தலைக்காக வீரர்கள் மலையெங்கும் அலைவது சாத்திக்குத் தெரியும். இருந்தாலும் பசித்த முகத்தைப் பார்த்துவிட்டுத் துரத்த மனம் வருமா? காளானைச் சமைத்து இலையில் வைத்தாள்.

அவன் உண்ணவில்லை. இலையை மெல்ல அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் முதலில் உண்ணட்டும் என்று, பிறந்தது முதல் அப்படியே பழகியவனைப்போல் வெகு இயல்பாகக் காத்திருந்தான். சாத்தி இலையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க இளவரசர்!"

"எப்படி அறிந்தீர்?"

"உங்களுக்கு முன்னால சோத்தைத் தின்னு காட்டுறதுதான் என் புருஷனுக்கு வேலை. உங்களுக்கு வச்ச நஞ்சைத் தின்னுதான் செத்தாரு. அவரு பேராவது தெரியுமா?"

மாறவேள் தலைகுனிந்தார். "நான் கேட்டதே இல்லை, அம்மணி."

வெளியே வீரர்களின் காலடிச் சத்தம் நெருங்கியது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிடும்.

"கூப்பிடுங்கள், தடுக்க மாட்டேன். அதற்குமுன் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள்."

"கோவன்" என்றாள். எத்தனை காலமாயிற்று, அந்தப் பெயரை இன்னொருவர் காதில் போட்டு!

மாறவேள் இலையைத் தம் பக்கம் இழுத்தார். நல்ல காளானா, நச்சுக் காளானா என்று அவருக்குத் தெரியாது. முதல் கவளத்தைத் தாமே எடுத்து உண்டார்.

"உயிருள்ளவரை எனக்குமுன் என் உணவை வேறொருவர் உண்ண விடமாட்டேன். இது கோவன் மேல் ஆணை."

அதற்குள் வாசலில் வேல்கள் மின்னின.

"உள்ளே யாரடி?"

சாத்தி எழுந்து நின்றாள். "என் வீட்டுக்காரரு, ஐயா. சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

"அடேய், உன் பெயர் என்ன?"

வாய் நிறையக் காளானோடு உள்ளிருந்து பதில் வந்தது: "கோவன்."

கந்தலாடையில் காட்டுக் காளான் தின்பவனை இளவரசனென்று யார் நினைப்பார்கள்? வீரர்கள் அலுத்துக்கொண்டு நடந்தார்கள். சாத்தி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.