நான்காவது கட்டை

முதல் கட்டை பிளந்தபோது சத்தம் சரியாக வரவில்லை.

புளியங்கட்டை பிளந்தால் மேஜையை ஓங்கி அறைந்ததுபோல 'டப்'பென்று கேட்கவேண்டும். அருணகிரி அதை யூடியூபில் பதினோரு முறை கேட்டிருக்கிறார். இது வேறு மாதிரி இருந்தது. வெகுகாலம் அடக்கிவைத்த மூச்சை யாரோ பல்லிடுக்கு வழியாக மெல்ல விட்டதுபோல.

தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அதிகாரிக்கு ஆன்மிகம், ஆரோக்கியம் என்று இரண்டே வழிதான். திருவண்ணாமலையில் முதலாவதற்குக் கூட்டம் ஜாஸ்தி என்பதால் அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். விறகில் காய்ந்த வெந்நீரில் குளித்தால் நரம்பு முறுக்கேறும்; அந்த விறகைத் தானே பிளந்தால் இதயம் இருபது வயதுக்குத் திரும்பும். வேங்கிக்காலில் காலை நடைக்கு வருபவர்கள் இதையெல்லாம் நின்று கேட்டாக வேண்டியிருந்தது. கோடாலியை வீசக்கூடாது, விழவிட வேண்டும். கட்டையின் தலையில் மயிரிழை வெடிப்பு எங்கே என்று முதலில் பார். அங்கே அடி. நடுவைத் தொடாதே, விளிம்பிலிருந்து உள்ளே போ. ஏதோ அரசாணையை வாசிப்பதுபோலச் சொல்வார்.

அவர் மனைவி தமிழ்செல்வி மட்டும் கேட்கமாட்டாள். வீட்டில் இரண்டு சிலிண்டர் இருக்க, முனிவர் விறகு பொறுக்கப் புறப்பட்டுவிட்டார் என்பாள். மாவட்டத்திலேயே அவரைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவள். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடிந்ததில்லை.

கட்டைகள் நான்கும் ஜானி பாஷாவின் விறகுத்தொட்டியில் ஒரு மூலையில் தனியாகக் கிடந்தவை. கீழ்பென்னாத்தூர் சாலையை அகலப்படுத்தியபோது விழுந்த மரம், உள்ளே ஆணி இருக்கும், வேண்டாம் சார் என்று பாஷா சொல்லிப் பார்த்தார். பொதுமக்கள் வேண்டாம் என்றால் எதையோ பதுக்குகிறார்கள் என்பது அருணகிரியின் முப்பது வருட சர்வீஸ் அனுபவம். அந்த நான்கைத்தான் ஏற்றிவரச் செய்தார்.

ஐப்பசி மாதத்து மூன்று மணி. மலை மேகத்துக்குள் போயிருந்தது. தூறல் நின்று, பின்கட்டில் ஈரமண்ணும் புளிப்புமாக ஒரு வாடை. பிளந்த கட்டையின் நடுவே மை கொட்டியதுபோல நீலக்கறுப்பாக ஒரு கறை இருந்தது. அதன் மையத்தில் விரல்நீளத் துருப்பிடித்த ஆணி. ஆணியைச் சுற்றி முடி.

இது என்னவென்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். முடியை அறுத்துவிட்டால் பெண் வீட்டுக்குப் போவாள். மற்றது மரத்தோடு நின்றுவிடும். மரம் வளர்ந்து ஆணியை விழுங்கும். அருணகிரி இதை மூடநம்பிக்கை என்று மேடையில் பேசியவர். கோடாலியின் வாய் மழுங்கிவிடுமே என்ற கவலை மட்டும்தான் அவருக்கு. குறடால் ஆணியைப் பிடுங்கி எறிந்தார்.

முடி காய்ந்திருக்கவில்லை. இப்போதுதான் குளித்து வந்ததுபோலச் சொட்டியது. சீயக்காய் மணத்தது.

வீட்டுக்குள் டிவி நின்றது.

இரண்டாவது கட்டையிலும் ஆணி. பிடுங்கினார். உள்ளே யாரோ நடந்தார்கள். செல்விக்கு முட்டி வலி. இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். இந்த நடையில் இழுப்பு இல்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டார். மூன்றாவது ஆணியைப் பிடுங்கியதும் மாடிப்படியில் யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்கள். அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

நான்காவதை, விறகு பிளக்க அடியில் வைக்கும் அடிமரத்தின்மேல் நிறுத்திவைத்திருந்தார். அதைத் தொடாமல் பாஷாவுக்குப் போன் போட்டார். ஆணி இருந்தது என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார். மறுமுனையில் ரம்பம் நின்றது.

"பிடுங்கிட்டீங்களா சார்?"

"மூணு பிடுங்கினேன். ஏன்?"

"நாங்க ஆணியோட அப்படியே ஏரியில போட்டுடுவோம் சார். பிடுங்கினா, அது எடத்துக்கு ஒரு ஆளு போவணும். வூட்டுக்குள்ள யாரு இருக்காங்க?"

"செல்விதான்."

"வெளிய கூப்டுங்க. நீங்க உள்ள போவாதீங்க. கூப்டுங்க சார், மொதல்ல."

அரசு அதிகாரியாக அவர் யாருக்கும் கீழ்ப்படிந்து பழகாதவர். உடனே கீழ்ப்படிந்தார்.

"செல்வி, வெளிய வா."

"வர்றேங்க." சமையலறையிலிருந்து வந்தது. அவள் குரல்தான். அருணகிரிக்கு உயிர் வந்தது.

"வர்றேங்க." படுக்கையறையிலிருந்து. அதே குரல்.

"வர்றேங்க." மொட்டைமாடியிலிருந்து.

யாரும் வரவில்லை. பின்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் கதவை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"என்னங்க."

இது முதுகுப்பக்கமிருந்து கேட்டது. முழங்கால் உயரத்திலிருந்து.

திரும்பினார். யாரும் இல்லை. அடிமரம். அதன்மேல் அந்தக் கட்டை.

"இருட்டா இருக்குதுங்க. மூச்சு முட்டுது."

மண்டியிட்டார். கட்டையை இரண்டு கையாலும் தடவினார். சூடாக இருந்தது. இப்போது இந்தக் குரலில் சிரிப்பு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக.

"பொறு செல்வி. பொறு."

கோடாலியை எடுத்தார். வெடிப்பு எங்கே? தேடினார். இல்லை. அவள் தலை எந்தப் பக்கம்? கால் எந்தப் பக்கம்? எந்த யூடியூபிலும் சொல்லவில்லை. விளிம்பு. விளிம்பில்தான். மெதுவாக. கோடாலியை விழவிட்டார்.

டப்.

இந்த முறை சத்தம் சரியாக வந்தது.

விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. உள்ளே கறுப்பு. கறுப்புக்குள் அசைவு. பிறகு நான்கு விரல்கள் வெளியே வந்தன. நகத்தில் மருதாணி. மோதிரம். விரல்கள் பிளவின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன.

ஈரக்கட்டை. கோடாலியை உருவினால் பிளவு மூடிக்கொள்ளும். அவர் ஏற்கெனவே உருவியிருந்தார்.

சமையலறை ஜன்னலில் மூன்று முகங்கள். மூன்றும் செல்வி.

"இன்னொரு அடி போடுங்க," என்றது நடுவில் இருந்த முகம், அன்பாக.

அடிக்கலாம். அடிக்க ஒரே இடம்தான், அந்தப் பிளவு. பிளவு முழுக்க அவள் விரல்கள். அருணகிரி கோடாலியைத் தலைக்குமேல் தூக்கியபடி நின்றார். மரம் மூடிக்கொண்டிருந்தது. முதலில் மோதிரம் நெளிந்தது. பிறகு நகங்கள், ஒவ்வொன்றாக, வெளுத்தன.